சுரேனின் சோகத்தைக் காப்பாற்றப் போன மூவர்

ஹரிதாஸ் மலாக்காவின் அலோர் காஜாவில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் கவுண்டரில் நிற்பவன். வயது முப்பத்தொன்பது. ப்ரேக் பேட், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ் என்று யார் எதைக் கேட்டாலும் கம்ப்யூட்டரைத் தட்டாமலே எந்த அலமாரியில் எந்தத் தட்டு என்று சொல்லிவிடுவான். சாகா என்னும் பழைய மாடல் காருக்கு, அங்கே காடி என்பார்கள், உள்ள சாமான் என்றால் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி எடுத்துக் கொடுப்பான்.

அவன் மனைவி தேவிஸ்ரீ ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு புதன்கிழமை காலையில், "எனக்கு இங்க போரடிக்குது" என்று சொல்லிவிட்டு ஜொகூருக்குப் போனாள். திரும்பவில்லை. சண்டை இல்லை, கூச்சல் இல்லை, இன்னொரு ஆளும் இல்லை. கோர்ட்டு வேலையும் தகராறு இல்லாமல் முடிந்தது. நாலு பேரிடம் சொல்லி அழுவதற்குக்கூட அந்தக் கதையில் ஒன்றும் இருக்கவில்லை. சிம்பாங் அம்பாட்டில் அவன் இருந்த தாமான் குடியிருப்பு வீட்டுக்கு அக்கா ஜானகி வந்து தங்கிக்கொண்டாள். அவனுக்குச் சமைத்துப் போட்டாள். தேவிஸ்ரீயின் பெயரை இருவருமே எடுப்பதில்லை.

அப்படி இருந்தவன் ஒரு சனிக்கிழமை கிளேபாங் கடற்கரைப் பக்கம் தேங்காய் ஷேக் வாங்கப் போனான். கடைக்குப் பக்கத்தில் நான்கு பலகையைப் போட்டு மேடை என்று சொல்லி, மூன்று பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கிட்டார், பேஸ், டிரம்ஸ். குழுவின் பெயர் 'ரெண்டாம் ஷிப்ட்'. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பதினைந்து பேர் இருக்கும். அதில் பதினொரு பேர் ஷேக்குக்காக வரிசையில் நின்றவர்கள்.

பாடியவன் சுரேன், லூபோக் சீனாக்காரன், வயது இருபத்தாறு. பகலில் வீடு வீடாகப் போய் ஏர்கோன், அதாவது ஏசி, கழுவும் வேலை. இடது கைச் சுண்டுவிரலில் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டு கிட்டார்க் கம்பிமேல் அதை இழுத்தான். வயிற்றுக்குள் யாரோ நாற்காலியை நகர்த்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு பாடினான்:

பதினாலு வருசம் கூட இருந்தா
பத்து நிமிசத்துல கை மாறிட்டா
மழையில நின்னாலும் மறுபேச்சு இல்லாம வருவா
பொகைய மட்டும் விட்டுட்டுப் போயிட்டா

ஹரிதாஸ் ஷேக்கை வாங்கவில்லை. அவன் முறை வந்தபோது கடைக்காரப் பெண் இரண்டு தடவை கூப்பிட்டாள். அவன் அழுதுகொண்டிருந்தான்.

அன்று முதல் அவன் ரெண்டாம் ஷிப்ட்டின் ரசிகன். வெறும் ரசிகன் என்றால் அவனுக்குக் கோபம் வரும். ஆதி ரசிகன். அடுத்த மூன்று ஆண்டுகளில் அந்தக் குழு எங்கே வாசித்தாலும் போனான். மஸ்ஜித் தானாவில் ஒரு காப்பிக் கடை திறப்பு விழாவுக்குப் போனான். ஒரு பேரங்காடியின் வாசலில், சலவைத்தூள் விளம்பரத்துக்கு நடுவில் இருபது நிமிடம் வாசித்தார்கள். அதற்கும் போனான். ஒருமுறை மழையில் நிகழ்ச்சி ரத்தாகிவிட்டது. அதற்கும் போய், ரத்து என்று எழுதியிருந்த அட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு கச்சேரிக்குப் பிறகும் ஃபேஸ்புக்கில் நீளமாக எழுதுவான். 'போயிட்டா' பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் எழுதினான். 'பொகை' என்பது நிறைவேறாத ஆசை. 'கை மாறிட்டா' என்பது பெண்ணைப் பொருளாகப் பார்க்கும் சமூகத்தின் மீதான சாட்டையடி. இரண்டாம் சரணத்தில் வரும் 'ஒரு கண்ணு மங்கிப் போனாலும் ஊரு கொண்டு சேத்துடுவா' என்ற வரிக்கு மட்டும் நான்கு பத்தி.

இருபத்தாறு வயதுக்காரனோடு ஒருத்தி பதினாலு வருடம் வாழ்ந்திருக்க வேண்டுமானால் அவனுக்குப் பன்னிரண்டு வயதிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும் என்பதை ஹரிதாஸ் யோசிக்கவில்லை. அவன் எழுதியதைப் படித்தவர்களும் யோசிக்கவில்லை.

"இது என்னா பாட்டுடா," என்பாள் ஜானகி. "பல்லு வலிக்காரன் டாக்டர் கிளினிக்ல முனகுற மாதிரி இருக்கு. எந்திரிச்சு ஆடவும் முடியல, உக்காந்து தூங்கவும் முடியல."

"இது ப்ளூஸ் அக்கா, சோகப் பாட்டு. உனக்குப் புரியாது."

"புரியலன்னாதான் நல்ல பாட்டா?"

பிறகு ஒரு கல்யாண வீடியோக்காரர், மணப்பெண் தாய்வீட்டை விட்டுப் போகும் காட்சிக்குப் பின்னால் 'போயிட்டா' பாட்டைப் போட்டு டிக்டாக்கில் ஏற்றினார். பத்தே நாளில் நாடு முழுக்கப் பரவியது. ஹரிதாசுக்கு அது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அவனோ வீட்டில் ஒருவர் இறந்ததுபோல இருந்தான். கடைக்கு வந்த ஒரு பையன் ஆயில் ஃபில்டர் வாங்கும்போது அந்தப் பாட்டை விசிலடித்தான். ஹரிதாஸ் அவனுக்கு வேறு மாடலுக்கான ஃபில்டரைக் கொடுத்து அனுப்பினான். வேண்டுமென்றே.

ஆதி ரசிகர்களைக் காப்பாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அப்போது முன்வந்தவர் வடிவேலு. இன்சூரன்ஸ் ஏஜென்ட். அலோர் காஜா வட்டாரத்தில் ஒரு கோயில், ஒரு மரண சகாய சங்கம், ஒரு பூப்பந்துக் குழு ஆகியவற்றுக்குத் தலைவர். நான்காவதாக எதற்குத் தலைவராகலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தவர். அவருக்கு ப்ளூஸ் பிடிக்குமா என்பது யாருக்கும் தெரியாது. கேட்டால், "ஜனங்களுக்குப் பிடிக்குதுன்னா எனக்கும் பிடிக்கும்லா" என்பார். 'ரெண்டாம் ஷிப்ட் ரசிகர் மன்றம், மலாக்கா மாநிலம்' பிறந்தது. வடிவேலு தலைவர். துணைத் தலைவர் இந்திராதேவி, கேக் செய்து விற்பவர். பாட்டுக்கு அழுவதில் ஹரிதாசுக்கு அடுத்த இடம் அவருக்கு. செயலாளர் ஹரிதாஸ். குழுவில் மூன்று பேர். மன்றத்தின் செயலவையில் ஒன்பது பேர்.

முதல் கூட்டத்தில், தலைவர் உரைக்கு முன்பு தேத்தண்ணியா பின்பு தேத்தண்ணியா என்பதை முடிவு செய்ய ஒன்றரை மணி நேரம் ஆனது. மன்றம் ஏற்பாடு செய்த முதல் கச்சேரியில் கட்டிய பேனர் மேடையைவிட அகலம். அதில் வடிவேலுவின் முகம் பெரிதாக இருந்தது. குழுவினர் மூவரும் கீழே மூலையில், ஸ்பான்சர் முத்திரைபோல இருந்தார்கள். வடிவேலு வரவேற்புரை ஆற்றி முடிக்கும்வரை சுரேன் கிட்டாரை மாட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றான். உரையில் இன்சூரன்ஸ் பற்றியும் கொஞ்சம் வந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சுரேன் சந்தோஷமாகும்வரை.

அவனுக்கு நிச்சயதார்த்தம் ஆனது. பெண் வாணி, மலாக்கா டவுனில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். ஏணியிலிருந்து வழுக்கித் தோள்பட்டையைச் சுளுக்கிக்கொண்டு போனவனுக்கு ஆறு வாரம் கையைப் பிடித்துப் பயிற்சி கொடுத்தவள். அடுத்த மாதம் சிம்பாங் அம்பாட் டேவான் மண்டபத்தில் நடந்த கச்சேரியில் சுரேன் மைக்கைப் பிடித்து, "ஒரு புதுப் பாட்டு" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. அதுவே முன்வரிசையில் இருந்த செயலவைக்கு உறுத்தியது. பாடினான்:

ஞாயித்துக்கெழம, அலாரம் இல்ல
சன்னல் ஓரம் நீ, சம்பல் வாசம்
வேற என்னா வேணும்

இந்திராதேவி கைப்பையிலிருந்து எடுத்து வைத்திருந்த கைக்குட்டையைத் திரும்ப உள்ளே வைத்தார். பின்வரிசையில் இருந்த புது ரசிகர்கள் எழுந்து கைதட்டி ஆடினார்கள். ஹரிதாஸ் ஆடுகிறவர்களைத் திரும்பிப் பார்த்தான். வாசலோரம் அவனைக் கூட்டிப்போக வந்து நின்ற ஜானகியின் கால்கூட லேசாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு, அலோர் காஜாவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் அவசரச் செயலவைக் கூட்டம்.

"சம்பல்," என்றார் வடிவேலு. அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு எல்லார் முகத்தையும் பார்த்தார். "ப்ளூஸ்ல மிளகாச் சம்பல் வரலாமா? செயலாளர் சொல்லுங்க."

"வரலாம் தலைவரே, ஆனா அது ஊசிப்போன சம்பலா இருக்கணும்," என்றான் ஹரிதாஸ். கேலியாகச் சொல்லவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு வாழ்க்கைல எவ்ளோ சோகம் இருந்துச்சு," என்றார் இந்திராதேவி. "அத நம்பித்தானே நாமெல்லாம் வந்தோம். இப்படித் திடீர்னு சந்தோசமாயிட்டா நாம எங்க போறது?"

"கல்யாணம் ஆகட்டும்கா, தானா சோகம் வந்துடும்," என்றார் ஒரு செயலவை உறுப்பினர்.

"அதுக்கு எத்தன வருசம் காத்திருக்கிறது? ரெண்டாவது ஆல்பம் அடுத்த வருசம் வருதுலா!" என்றார் வடிவேலு.

இரண்டு மணி நேரம் பேசி மூன்று தீர்மானங்கள் போட்டார்கள். ஒன்று, சுரேனின் நிச்சயதார்த்தத்துக்கு மன்றம் தன் உளமார்ந்த வாழ்த்துகளைத் தெரிவிக்கிறது. இரண்டு, அதே நிச்சயதார்த்தம் குறித்து ஆழ்ந்த வருத்தத்தைப் பதிவு செய்கிறது. மூன்று, இரண்டாவது ஆல்பம் முடியும்வரை திருமணத்தைத் தள்ளிவைக்கும்படி கேட்டுக்கொள்ள, தலைவர், துணைத் தலைவர், செயலாளர் அடங்கிய மூவர் குழு நேரில் செல்லும். ஹரிதாஸ் மூன்றையும் குறிப்பேட்டில் எழுதினான்.  ஒரு நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் அவன் மனதார நினைத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வடிவேலுவின் காடியில் மூவரும் லூபோக் சீனாவுக்குப் போனார்கள். இந்திராதேவி ஒரு பட்டர் கேக் செய்து எடுத்து வந்திருந்தார். சுரேன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக் கூப்பிட்டதும், கதவைத் திறந்தது வாணி. கையில் அளவெடுக்கும் நாடா. புது வீட்டுத் திரைச்சீலைக்காகப் பழைய திரையை அளந்துகொண்டிருந்தாள். உள்ளே சுரேனின் அம்மா அடுப்படியில் இருந்தார்.

"வாங்க, வாங்க. அவரு ஒரு ஏர்கோன் வேலையா போயிருக்காரு. வந்துடுவாரு. உக்காருங்க அங்கிள். மைலோ குடிக்கிறீங்களா?"

மூவரும் மைலோ குடித்தார்கள். வடிவேலு தொண்டையைச் செருமினார். கலைஞனுக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவில் ஆரம்பித்து, மலாக்கா வரலாற்றைத் தொட்டு, இருபது நிமிடம் கழித்து விஷயத்துக்கு வந்தார். வாணி குறுக்கே பேசாமல் கேட்டாள். நோயாளிகள் எங்கெங்கே வலிக்கிறது என்று சொல்வதைக் கேட்டுப் பழகியவள்.

"இருங்க அங்கிள்," என்றாள் கடைசியில். "அதாவது, எங்க கல்யாணத்த தள்ளிப்போடச் சொல்றீங்க."

"நிப்பாட்டச் சொல்லலமா. சேச்சே! ஒரு ஒன்றரை வருசம். ஆல்பம் முடியட்டும்."

"அதுவரைக்கும் அவரு சோகமா இருக்கணும்."

"ரொம்ப வேணாம் கண்ணு," என்றார் இந்திராதேவி பரிவாக. "பாட்டு எழுதுற அளவுக்கு இருந்தாப் போதும். நீ வேணும்னா இடையில போன் எடுக்காம இரு. அந்த மாதிரி ஏதாவது."

வாணி முதலில் சிரித்தாள். மூன்று பேரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பு நின்றது. "உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல?" என்றாள். குரல் உயரவில்லை. "ஒரு மனுசன் நல்லா இருக்கக் கூடாதுன்னு கேக் வேற செஞ்சு எடுத்துட்டு வந்திருக்கீங்க."

அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த ஹரிதாஸ் அப்போதுதான் பேசினான். "அப்படி இல்லமா. அவரு 'போயிட்டா' பாட்டுல ஒரு பொண்ணப் பத்திப் பாடினாரு. பதினாலு வருசம் கூட இருந்துட்டு விட்டுட்டுப் போனவ. அந்தக் காயம்தான் அவரோட பாட்டு. அது ஆறிடுச்சுன்னா..."

வாணியின் முகம் மாறியது. "எந்தப் பொண்ணு?"

 இந்திராதேவி கேக்கைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் வந்து நின்றது. சுரேன் தோளில் ஏணியோடு உள்ளே வந்தான்.

"சுரேன், யாரு அவ?" என்றாள் வாணி.

"எவ?"

"பதினாலு வருசம் உங்க கூட இருந்தாளாமே. கை மாறிட்டாளாமே."

சுரேன் ஏணியைச் சுவரில் சாய்த்தான். மூன்று பேரையும் பார்த்தான். காது மடல் சிவந்தது. "ஐயோ," என்றான். "அது... எங்கப்பாவோட சாகா காடி."

வடிவேலு மைலோ கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்னது?" என்றார் வடிவேலு.

"காடிங்க. எனக்குப் பன்னண்டு வயசுல அப்பா செகண்ட் ஹேண்ட்ல வாங்கினாரு. அதுலதான் நான் ஓட்டக் கத்துக்கிட்டேன். கிட்டாரெல்லாம் அதுலதான் போகும். ஒரு நாளு பழைய இரும்புக்காரரு வந்தாரு, பத்து நிமிசத்துல பேசி முடிச்சு, ஓட்டிட்டுப் போயிட்டாரு. மனசு கஷ்டமா இருந்துச்சு. பாட்டா எழுதிட்டேன்."

"மழையில நின்னாலும் மறுபேச்சு இல்லாம வருவா?" என்றார் இந்திராதேவி. 

"மழைல நிப்பாட்டி வச்சாலும் ஒரே அடில ஸ்டார்ட் ஆயிடும்கா."

"பொகை?"

"நீலப் பொகை. இஞ்சின் ஆயில் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

"ஒரு கண்ணு மங்கிப் போனாலும்..." என்று ஹரிதாஸ் ஆரம்பித்தான். முடிக்கவில்லை. அவனுக்கே தெரிந்துவிட்டது. இடது பக்க ஹெட்லைட். அந்த மாடலில் எல்லாவற்றுக்கும் அதுதான் முதலில் மங்கும். உள்ளே தண்ணீர் இறங்கும். அந்த லைட்டை வாரத்துக்கு இரண்டு பேருக்காவது விற்கிறவன் அவன். மூன்று ஆண்டு அந்த வரிக்கு முன்னால் நின்று அழுதிருக்கிறான், நான்கு பத்தி எழுதியிருக்கிறான்.

வாணி நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். ஹரிதாஸ் எழுந்து வெளியே போனான்.

சுரேன் பின்னாலேயே வந்தான். ஹரிதாஸ் வேனுக்குப் பக்கத்தில், வெயிலில், ஒற்றைச் செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணே, கோவமா?"

"அப்போ நான் அழுததெல்லாம்?" என்றான் ஹரிதாஸ். "ஒரு காடிக்கா அழுதேன்?"

"நான் காடிக்குத்தாண்ணே அழுதேன். நீங்க யாருக்கு அழுதீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஹரிதாஸ் திரும்பிக்கொண்டான். எதிர் வரிசையில் யாரோ செம்பனைக் குலை ஏற்றிய லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகு, "தேவிஸ்ரீ," என்றான். "என் வீட்டுக்காரி. போயி ஆறு வருசமாச்சு. போரடிக்குதுன்னு போனா." சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டதுபோலப் பார்த்தான். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி அவ்வளவு காலம் ஆகியிருந்தது.

சுரேன் தலையைச் சொறிந்தான். "எங்களுக்குத் தெரியாதுண்ணே. முன்னாடியே நின்னு கண்ணத் தொடச்சிக்கிட்டே இருப்பீங்களா, மேடையில விடுற பொகை உங்களுக்கு ஒத்துக்கலன்னு நெனச்சோம். நீங்க வர்ற ஷோவுல பொகை மெஷினப் போடவேணாம்னு டிரம்மர் தினேஷ்வரன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். ரெண்டு வருசமா போடுறதே இல்ல."

 ஹரிதாஸ் இன்னொரு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டான்.

திரும்பி வரும் வழியில் காடிக்குள் வடிவேலுதான் முதலில் பேசினார். "இது வெளிய போகக் கூடாது. மன்றத்தோட மானம்."

"எனக்கென்னமோ அது காடியே இல்லன்னு தோணுது," என்றார் இந்திராதேவி சாலையைப் பார்த்தபடி. "காடின்னு சொல்லி மறைக்கிறான். அவ்ளோ ஆழமான காயம்."

"அப்படியும் இருக்கலாம்," என்றார் வடிவேலு யோசித்து. சிம்பாங் அம்பாட் வருவதற்குள் அப்படித்தான் இருக்கும் என்று முடிவாகிவிட்டது.

ஹரிதாஸ் ஐந்து வாரம் அந்தப் பாட்டைக் கேட்கவில்லை. எந்தப் பாட்டையும் கேட்கவில்லை. ஃபேஸ்புக்கில் எழுதியதையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தான். கடைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். ஜானகி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னடா ஆச்சு? உன் பல்லு வலிக்காரன் செத்துட்டானா?" என்று கேட்டாள். அவன் நடந்ததைச் சொன்னான். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்துவிட்டு, "நீ அவள நெனச்சு அழுவுறன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "பாட்டு எதப் பத்தியா இருந்தா என்னா."

ஆறாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, பழைய சாகா வைத்திருக்கும் மலாய்க்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். இடது ஹெட்லைட் வேண்டும் என்றார். ஹரிதாஸ் திரும்பாமலே கையை நீட்டிப் பெட்டியை எடுத்தான். கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். தன்னையறியாமல் முனகிக்கொண்டிருந்தான். ஒரு கண்ணு மங்கிப் போனாலும் ஊரு கொண்டு சேத்துடுவா. அந்த மலாய்க்காரருக்குச் சொல் புரிந்திருக்காது. ஆனாலும் தலையை ஆட்டி, "செடாப்லா லாகு" என்றார். நல்ல பாட்டு.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் காடியில் பாட்டைப் போட்டான். அழுகை வந்தது. முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக. நடுவில் 'பொகைய மட்டும் விட்டுட்டு' வந்தபோது எஞ்சின் ஆயில் ஞாபகம் வந்து சிரிப்பும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததால், சிக்னலில் பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்காரர் ஹெல்மெட்டைத் தூக்கி அவனைப் பார்த்தார்.

கல்யாணம் தள்ளிப்போகவில்லை. குறித்த தேதியில் காலையில் கோயிலில் தாலி கட்டு, மதியம் அலோர் காஜாவில் ஒரு டேவானில் விருந்து. மன்றத்துக்கும் அழைப்பு வந்திருந்தது. வாணிதான் அனுப்பச் சொன்னாளாம். ஒன்பது செயலவை உறுப்பினர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஜானகி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஹரிதாசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரியாணி பரிமாறி முடிந்ததும் மாப்பிள்ளை மாலையைக் கழற்றிவிட்டுக் கிட்டாரை எடுத்து மாட்டினான்.

"ஒரு புதுப் பாட்டு," என்றான். "உண்மைச் சம்பவம்."

கண்ணாடிக் குழாயைக் கம்பிமேல் இழுத்தான். கிளேபாங்கில் கேட்டதைவிடக் கனமான சத்தம். டிரம்ஸ் மெதுவாக, பிண ஊர்வலம் போல நடந்தது.

மூணு பேரு வந்தாங்க, செருப்பக் கழட்டி வச்சாங்க
மைலோ ஊத்திக் குடிச்சாங்க, மெதுவா ஒன்னு கேட்டாங்க
தள்ளிப் போடு தம்பின்னாங்க, தவணை தாரோம்னாங்க

செயலவை மேசையில் கரண்டிச் சத்தம் நின்றது. இந்திராதேவியின் கை கைப்பைக்குள் போய்க் கைக்குட்டையோடு வெளியே வந்தது.

"யம தூதருங்க," என்றார் நடுங்கும் குரலில். "மூணு பேரு. சாவு, தலைவரே. அவன் சாவப் பத்திப் பாடுறான். கல்யாணத்தன்னைக்கே."

"மைலோ?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார்.

"கடைசியா வாயில பாலு ஊத்துவாங்கல்ல," என்றார் வடிவேலு. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அது முதல் தடவை. "அதத்தான் மைலோன்னு வச்சிருக்கான். என்னா ஒரு கற்பனை! சோகம் திரும்பிடுச்சு. நாம போயிட்டு வந்தது வீண்போகல."

ஹரிதாஸ் அவர் பக்கம் சாய்ந்தான். "தலைவரே, அந்த மூணு பேரு நாமதான்."

"எந்த மூணு பேரு?"

"நீங்க, நான், இந்திராக்கா. மைலோ குடிச்சோம். தள்ளிப்போடச் சொன்னோம். நம்மளத்தான் கிண்டல் பண்ணிப் பாடுறாரு."

வடிவேலு அவனைக் கருணையோடு பார்த்தார். தோளில் கை வைத்தார். "நீங்க ரொம்ப மேலோட்டமாப் பாக்குறீங்க தம்பி."

மேடையில் அடுத்த அடி வந்தது. 'கேக்கு வேற கொண்டாந்தாங்க, வெட்ட மறந்து போனாங்க.' இந்திராதேவி, "பிண்டம்!" என்று விம்மினார். ஹரிதாசுக்கு அதற்குமேல் முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, மேசைகளுக்கு நடுவே வளைந்து ஓடி, டேவானின் பக்கவாட்டுக் கதவைத் தள்ளி வெளியே போனான். தம்பி அழுகிறான் என்று நினைத்து ஜானகி டிஷ்யூ பெட்டியோடு பின்னால் ஓடினாள்.

அவன் வாழை மரம் கட்டியிருந்த தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். மூச்சு முட்டியது. ஜானகிக்கு விஷயத்தைச் சொல்ல மூன்று தடவை முயன்றான். கடைசியில் சொல்லி முடித்ததும், அவளும் தூணின் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போய் மிச்சப் பாட்டைக் கேட்க வேண்டும் என்று அவள்தான் அவனை இழுத்துப்போனாள்.

அடுத்த செயலவைக் கூட்டத்தில், புதுப் பாட்டுக்கு விளக்கம் எழுதும் பொறுப்பு வழக்கம்போலச் செயலாளரிடம் கொடுக்கப்பட்டது. ஹரிதாஸ் அங்கேயே பேனாவை எடுத்து எழுதிக் கொடுத்தான்: 'பாட்டு நன்றாக இருக்கிறது. வந்த மூன்று பேரும் நாங்கள்தான்.' செயலவை அதைப் படித்து விவாதித்தது. ஆழம் போதவில்லை என்று எட்டு பேர் வாக்களித்தார்கள். உடல்நலக் காரணங்களுக்காகச் செயலாளர் பதவி விலகினார் என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது. எழுதியதும் ஹரிதாஸ்தான், வேறு யாருக்கும் கையெழுத்து நன்றாக இல்லை. விளக்கத்தை இந்திராதேவி எழுதினார். பதினொரு பக்கம் வந்தது. சாவைப் பற்றி அப்படி ஒரு கட்டுரை மலாக்காவில் வந்ததில்லை என்று வடிவேலு முன்னுரையில் குறிப்பிட்டிருந்தார்.

அதற்கு அடுத்த மாதம் ஜாசினில் ரெண்டாம் ஷிப்ட் கச்சேரி. சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. ஹரிதாஸ் சட்டையை அயர்ன் செய்துகொண்டிருந்தபோது ஜானகி கைப்பையோடு வந்து நின்றாள்.

"நானும் வரேன்."

"பாட்டுக்கா?"

"பாட்டுக்கு ஒன்னும் இல்ல. ஜாசின் பாசார்ல நல்ல கருவாடு கிடைக்கும்னாங்க."

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எந்தச் சந்தையில் கருவாடு விற்கிறார்கள் என்று ஹரிதாஸ் கேட்கவில்லை. காடிச் சாவியை எடுத்துக்கொண்டு, அவள் செருப்பு மாட்டும்வரை வாசலில் காத்திருந்தான்.